ஆவரேந்தலில் நூற்று முப்பத்தெட்டு புள்ளி நாலு

எந்த ஊருன்னா கேட்டீக? ஆவரேந்தல்.

கேட்ட பேரா இருக்கா? நல்லா யோசிச்சுப் பாருங்க தங்கச்சி. அவசரமில்ல, பாலம் வேலை நடக்குற எடத்துல பஸ்சு எப்படியும் கால் மணி நேரம் நிக்கும். மத்தியானம் பன்னெண்டரைக்கு, டவுன்ல இருந்து வர்ற விவசாய ரேடியோவுல 'வானமும் வரப்பும்'னு ஒரு நிகழ்ச்சி வரும். நெல்லுக்கு என்ன மருந்து, மொளகாயைப் பூசணம் பிடிக்காம எப்படிக் காயப் போடுறது, மாட்டுக்குக் கோமாரி ஊசி என்னைக்கு, எல்லாம் சொல்லிட்டுக் கடைசியா ஒரு புள்ள தேனாட்டம் வாசிக்கும்: "இன்று காலை எட்டரை மணி வரை பதிவான மழை அளவு. ஆவரேந்தல், இருபத்தோரு மில்லிமீட்டர்." அந்த இருபத்தொண்ணு நான் சொன்னது! நாந்தான் பஞ்சவர்ணம். ஆவரேந்தல் மழைக்கு நாந்தான் பொறுப்பு.

சிரிக்காதீக. மழைக்கு இல்ல, சரி, அளவுக்குப் பொறுப்பு. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ரெண்டும் ஒண்ணுதான். மழை பெய்யலைன்னா என்னையத்தான் மொறைப்பாக.

போன ஆடி மாசம் ரேடியோ ஸ்டேசன்ல இருந்து யாழினின்னு ஒரு பொண்ணு ஸ்கூட்டியில வந்துச்சு. நான் சொன்னேன்ல தேனாட்டம்னு, அதே புள்ளதான். வீடு வீடாப் போயி அண்ணாந்து அண்ணாந்து பாத்துச்சு. எங்க போனாலும் வேம்பு, புளி, முருங்கை. மழை அளக்குற டப்பாவை மரம் மட்டை இல்லாத வெட்டவெளியில வைக்கணுமாம். எங்க கொல்லையில ஒரு செடி கெடையாது தங்கச்சி. நான் எதை நட்டாலும் பட்டுப்போகும். ஊரே கேலி பேசும். அந்தப் புள்ள கொல்லைக்குள்ள வந்து ஒரு சுத்து சுத்திட்டு, "அக்கா, இப்படி ஒரு எடத்தைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்"னுச்சு. கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருசத்துல அந்தக் கொல்லையைப் பாத்து ஒரு ஆளு சந்தோசப்பட்டது அன்னைக்குத்தான்.

டப்பா ஒண்ணும் பெருசில்ல. குடம் ஒசரம் இருக்கும், மேல ஒரு புனல். அதுல விழுந்த தண்ணியைக் காலையில எட்டரைக்குக் கண்ணாடி ஜாடியில ஊத்திப் பாக்கணும். ஜாடி ஒருக்கா நெறைஞ்சா பத்து மில்லிமீட்டர். அம்புட்டுத்தான். பாத்துட்டு யாழினிக்குப் போன் பண்ணணும். "மழைமானின்னு சொல்லுங்கக்கா, டப்பான்னு சொல்லாதீங்க"ன்னுச்சு. எங்க ஊரு டீக்கடை அரியமுத்து மட்டும் இன்னைக்கு வரைக்கும், "என்ன மதினி, காலங்காத்தால எத்தனை மில்லி?"ன்னுதான் கேப்பான். புதுசா யாராச்சும் கேட்டா என்னைய என்ன நெனப்பாக?

புரட்டாசியில மொத மழை. ஆறு மில்லிமீட்டர். ஒரு ஜாடி கூட நெறையல. எனக்குப் போன் பண்ணவே வெக்கமா இருந்துச்சு. மத்தியானம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே ரேடியோவை வச்சிருக்கேன், "ஆவரேந்தல்"ங்குது அந்தப் புள்ள! தங்கச்சி, எங்க ஊருக்கு ரோட்டுல பேருப் பலகை கூடக் கெடையாது. கண்டக்டரு 'நாலாம் கல்லு'ன்னு சொல்லித்தான் டிக்கெட்டுக் கிழிப்பாரு. அந்த ஊரு பேரை இம்புட்டு அழகா, ஒரு எழுத்து விடாம... நான் அழுதுட்டேன். எங்க வீட்டுக்காரரு வந்து, "வெங்காயமா?"ன்னாரு. "ரேடியோ"ன்னேன். அவரு சேதுராசு. நாளைக்கு அஞ்சு வார்த்தை பேசுவாரு, அதுல மூணு மாட்டுக்கிட்ட.

அந்தச் சந்தோசத்துல கண்ணைத் தொடைக்கல, அடுத்த வரி வருது. "மருதவயல், எட்டு மில்லிமீட்டர்."

மருதவயல்ல யாரு அளக்குறாங்கறீக? என் நாத்தனா. பூமயில். எங்க வீட்டுக்காரரோட கூடப் பொறந்த தங்கச்சி!

அவளுக்கும் எனக்கும் ஆறு வருசமாப் பேச்சுவார்த்தை கெடையாது. அவ புதுவீடு குடிபோனப்ப என்னைய ரெண்டாம் பந்தியில உக்கார வச்சா. கூடப் பொறந்தவனோட பொண்டாட்டியை! ரெண்டாம் பந்திக்கு வரையில பாயாசம் தீந்துபோச்சு. அப்பறமா மூணு தடவை வீடு தேடி வந்தா, ஒருக்காப் பாயாசமே வச்சு எடுத்துக்கிட்டு வந்தா, அதெல்லாம் வேற விசயம். நான் பேசல.

அப்படிப்பட்டவ, மொத நாளே போன் பண்றா. "மதினி, கேட்டீகளா ரேடியோ? எங்களுக்கு எட்டு." எத்தனை திமிரு பாருங்க. நான் "உம்"னேன். "அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?"ங்கறா. நம்மகிட்ட ஒரு கொறை கண்டுபிடிக்கணும், அதுக்குத்தான். "நீங்க பிரசர் மாத்திரை ஒழுங்காப் போடுறீகளா?"ங்கறா. நான் சீக்காளின்னு குத்திக் காட்டுறா!

அதுல இருந்து தினம் போன் வரும். மழை பேஞ்சாலும் போன், பேயாட்டியும் போன். ஒரு நா நல்லா வெயில் அடிக்குது, அன்னைக்கும் கூப்பிட்டு, "மதினி, எங்களுக்குச் சைபர். உங்களுக்கு?"ங்கறா. சைபருக்கு என்னடி போட்டி? அன்னைக்கு அரை மணி நேரம் பேசுனா. போட்டி புடிச்சவ. நானும் விடலியே, அரை மணி நேரமும் பதில் சொன்னேனே.

ஆனா ஒண்ணு தங்கச்சி, ஒவ்வொரு மழைக்கும் அவ ஊருக்கு ரெண்டு மில்லி, மூணு மில்லி கூடவே இருக்கும். எங்களுக்குப் பதினாலுன்னா அவளுக்குப் பதினாறு புள்ளி அஞ்சு. அந்தப் புள்ளி இருக்கே, அது என் நெஞ்சுல குத்தும். அரியமுத்து கடையில சிலேட்டைத் தொங்கவிட்டு ரெண்டு ஊரு கணக்கையும் எழுத ஆரம்பிச்சுட்டான். காலையில எட்டரைக்கு என் கொல்லையில பத்துப் பேரு நிப்பாக. ஜாடியில தண்ணி ஏறஏற, "ஏறு, ஏறு"ன்னு கத்துவாக. ஏறுனாத்தானே. "மருதவயலுக்கு என்னவாம்?"னு ஒருத்தரு கேப்பாரு. நான் சொல்லுவேன். எழவு வீட்டுல இருந்து போற மாதிரிப் போவாக.

இப்படி இருக்கையில தீவாளி முடிஞ்சு நாலாம் நாளு விடியக்காலம் நல்ல மழை. ஆறரைக்கெல்லாம் விட்டு வெறிச்சுருச்சு. அன்னைக்குன்னு பாத்து யாரும் இன்னும் வரல. எட்டரைக்கு அளந்தேன். முப்பத்தெட்டு புள்ளி நாலு. எங்க ஊரு சரித்திரத்துலயே இல்லாதது! சரித்திரம்னா மூணு மாசம்தான், இருந்தாலும். சந்தோசத்துல இன்னொருக்காப் பாக்கலாம்னு தண்ணியைத் திருப்பி டப்பாவுலயே ஊத்துனேன். அப்பப் போன் அடிக்குது. பூமயில். "மதினி! எங்களுக்கு அம்பத்திரண்டு!"

என் கையில வாசத் தெளிக்க வச்சிருந்த சொம்பு இருந்துச்சு. மழைக்காலம் பாருங்க, ஈரக் கை. வழுக்கிருச்சு. சொம்புத் தண்ணி டப்பாவுக்குள்ள போயிருச்சு.

ஆமா, புனல் வழியாத்தான். ஆமா, குனிஞ்சு வாளியில மறுபடி மோந்தேன். மறுபடி வழுக்குனா நான் என்ன செய்ய?

ஒரு சொம்புக்கு ரெண்டு மூணு மில்லி ஏறும்னு நெனச்சேன் தங்கச்சி. அவளை ஒரு மில்லி தாண்டுனாப் போதும்னுதான். சொம்புக்கு அம்பது மில்லிமீட்டர்னு எனக்கு யாரு சொன்னா? ஜாடி ஜாடியா ஊத்துறேன், தீரவே மாட்டேங்குது. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. அதுக்குள்ள ஆளுக வந்துட்டாக. அரியமுத்து எண்ணுறான், கூட்டமே எண்ணுது. பதினாலாவது ஜாடியில எட்டு புள்ளி நாலு. நூத்தி முப்பத்தெட்டு புள்ளி நாலு! அரியமுத்து வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எங்க கொல்லையில ஆடுறான். அப்ப நான் வாயைத் தெறந்து என்ன சொல்ல முடியும்? யாழினிக்குப் போன் போட்டேன். "அக்கா, நல்லாப் பாத்தீங்களா?"ன்னுச்சு. "டப்பாவுல இருக்குறதைத்தான்மா சொல்றேன்"னேன். அது பொய்யா? டப்பாவுல இருந்துச்சே.

மத்தியானம் ரேடியோவுல, "மாவட்டத்திலேயே அதிகபட்சமாக, ஆவரேந்தல்"னுச்சு. அதிகபட்சம்! தீவாளிக்கு மிஞ்சிப்போன சரவெடியை எல்லாம் எடுத்துட்டு வந்து கொளுத்துறாக. ஒரு வெடி கூட நமுத்துப் போகல, அம்புட்டு மழை பேஞ்ச ஊர்ல. அரியமுத்து எல்லாருக்கும் டீ குடுக்குறான். திருப்பூர்ல, சென்னையில வேலைக்குப் போன பிள்ளைக எல்லாம் போன் பண்ணி, "வீடு நிக்குதா? ஆளு பத்திரமா?"ன்னு கேக்குதுக. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுட்டாக. பிள்ளைக எங்க வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பாடு போடுதுக. நான் பட்டுச்சீலை கட்டிக்கிட்டேன். ஏன்னு கேக்காதீக, தோணுச்சு.

பூமயில் போன் மட்டும் வரல. வாயடைச்சுப் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

வீட்டுக்காரரு வயல்ல இருந்து வந்தாரு. "நூத்தி முப்பத்தெட்டா?"ன்னாரு. "ஆமா"ன்னேன். கால்ல கெடந்த செருப்பைக் கழட்டித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "வரப்புல நடந்து வாரேன். வாரு கூட ஒழுங்கா நனையலையே"ன்னாரு. அன்னைக்கு உள்ள அஞ்சு வார்த்தையும் அதோட தீந்துச்சு, போயிச் சாப்பிட உக்காந்துட்டாரு.

ரெண்டு மணிக்கு ரேடியோவுல மறுபடி எங்க பேரு. "கனமழை பெய்த ஆவரேந்தல் மக்களின் கவனத்திற்கு. குடிநீரை இருபது நிமிடம் கொதிக்க வைத்து ஆற வைத்துக் குடிக்கவும். வெள்ளத்தில் நனைந்த அரிசி, பருப்பு, மாவை உண்ண வேண்டாம்." ஊர்ப் பொம்பளைக எல்லாம் அடுப்பு மூட்டித் தண்ணி வச்சுட்டாக. ரேடியோ சொன்னா எங்க ஊர்ல அப்படியே கேப்பாக, அதுலயும் பேரைச் சொல்லிச் சொல்லுது. ஊரே புகையா நிக்குது. மேலத்தெரு காந்திமதி ஓடியாந்து, "ஏக்கா, நனைஞ்ச அரிசியைத் தூக்கிப் போடச் சொல்றாக. எங்க வீட்டுல எதுவுமே நனையலையே, நனைச்சுட்டுப் போடணுமா?"ங்கறா. "இருடி, கேட்டுச் சொல்றேன்"னேன்.

உள்ள போயி அந்தச் சொம்பை எடுத்து அடுக்களையில ஒளிச்சு வச்சேன்.

மூணு மணி இருக்கும், ஜீப்பு வந்துச்சு. கண்மாயைப் பாத்துக்கிற ஆபீசுல இருந்து ஒரு இஞ்சினியரும் ரெண்டு ஆளுகளும். நேரா கரைக்குப் போயிட்டாக. கலுங்குல, அதான் மிச்சத் தண்ணி வெளிய போற வழியில, ரெண்டு இரும்பு ஷட்டர் இருக்கு. அதைத் தெறக்க வந்திருக்காக!

இங்க ஒண்ணு சொல்லணும் தங்கச்சி, இது வெளையாட்டு இல்ல. நாலு வருசமா அந்தக் கண்மாயில பசங்க பந்து ஆடுனாக. இந்த வருசந்தான் முக்காக் கண்மாய் கெடந்துச்சு. நெல்லு முழங்கால் ஒசரம் நிக்குது. தை மாசம் கதிரு அறுக்குற வரைக்கும் அந்தத் தண்ணிதான் எல்லா வீட்டுக்கும் சோறு. எங்களுக்கு ஒண்ணரை ஏக்கரு. அது போனா அந்த வருசம் ரேசன் அரிசிதான்.

ஊரே கரைக்கு ஓடுச்சு. நானும் பட்டுச்சீலையோட ஓடுனேன். இஞ்சினியரு நல்ல மனுசன், பதமாத்தான் சொன்னாரு: "மேற்கே ஒடைஞ்சு அடைச்ச எடம் பலமா இல்லைங்க. நூத்தி முப்பத்தெட்டு பேஞ்சிருக்குன்னா காட்டுத் தண்ணி எல்லாம் பொழுது சாயறதுக்குள்ள வந்து சேரும். கரை தாங்காது. இப்பவே வடிச்சாத்தான் உங்க வீடு மிஞ்சும்."

அரியமுத்து, "சார், அம்புட்டுத் தண்ணியெல்லாம் வராது சார்"ங்கறான்.

"அப்ப அளவு தப்பா?"

"தப்பா? எங்க பஞ்சவர்ணம் அளவு தப்பவே தப்பாது! நானே எண்ணுனேன், பதினாலு ஜாடி!"

"அப்பத் தெறக்கணும்."

"தெறக்கக் கூடாது!"

"அப்ப மழை பெய்யலையா?"

"பேஞ்சுச்சு சார்! மாவட்டத்துலயே அதிகபட்சம்!"

இப்படியே போகுது. ஊருக்குத் தண்ணியும் வேணும், நூத்தி முப்பத்தெட்டும் வேணும். ஒருத்தராச்சும் என்னையச் சந்தேகப்படணுமே! அம்புட்டுப் பேரும் என்னையப் பெருமையாத் திரும்பிப் பாக்குறாக. இஞ்சினியரு கையைக் காட்டுனாரு, ஆளுக ரெண்டு பேரும் ஷட்டரைத் திருக ஆரம்பிச்சாக. கிரீச்சு கிரீச்சுன்னு ஏறுது. அடியில தண்ணி பீச்சிக்கிட்டு ஓடையில விழுகுது.

வீட்டுக்காரரு எம்பக்கத்துல நின்னாரு. தண்ணியையே பாத்துக்கிட்டு, "மருதவயல் கண்மாய்க்குப் போகுது"ன்னாரு.

எங்க கலுங்குத் தண்ணி பூமயில் ஊருக்குத்தான் போகும் தங்கச்சி! எனக்கு அது அந்த நிமிசம் வரைக்கும் தோணவே இல்ல. எங்க தண்ணி. அவ ஊருக்கு. நான் என் கையாலயே...

"நிறுத்துங்க!"ன்னு கத்துனேன். கரை முழுக்கக் கேட்டுச்சு. "அது மழை இல்ல சார். சொம்பு. நாந்தான் ஊத்துனேன். ரெண்டு சொம்பு."

இஞ்சினியரு, "என்னம்மா சொல்றீங்க?"ன்னாரு. நான் சொன்னேன். முப்பத்தெட்டுன்னேன், அம்பத்திரண்டுன்னேன், சொம்புன்னேன், எல்லாத்தையும் ஒரே மூச்சுல. வழுக்குனதை மட்டும் சொல்லல, அவசரத்துல விட்டுப்போச்சு. அரியமுத்து மொகம் இருக்கே, அன்னைக்குக் காலையில ஆடுன மொகம், பாக்கவே பாவமா இருந்துச்சு.

இஞ்சினியரு நம்பல. "தண்ணியைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்களோ என்னமோ. கரை ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது? பக்கத்துல வேற எங்க அளக்குறாங்க?"ன்னாரு. மருதவயல்னு நூறு பேரு சொன்னாக. நம்பர் எங்கிட்ட இருக்கு. நானே போட்டுக் குடுத்தேன், அவரு ஸ்பீக்கர்ல வச்சாரு.

யோசிச்சுப் பாருங்க. அவ ஊருக் கண்மாய் பாதிதான் கெடக்கு. அவ, "ஆமா சார், எங்களுக்கும் நூத்துக்கு மேல"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எங்க தண்ணி பூரா அவுகளுக்கு. நானா இருந்தா... சரி, அதை விடுங்க.

"மருதவயல்ல இன்னைக்கு எவ்வளவும்மா மழை?"ன்னாரு.

"ரேடியோவுல சொன்னதா சார், நெசமாப் பேஞ்சதா?"ன்னா பூமயிலு.

இஞ்சினியரு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. "நெசமாப் பேஞ்சது."

"முப்பத்தாறு சார். அம்பத்திரண்டுன்னது... ஒரு டம்ளரு நான் சேத்துக்கிட்டேன். தினமும் ஒரு மூடி ரெண்டு மூடிதான் சார் சேப்பேன். இன்னைக்குக் கொஞ்சம் ஆசைப்பட்டுட்டேன்."

டம்ளரு! தங்கச்சி, எனக்கு அந்த அறிவு வரலியே! நான் சொம்பால ஊத்துறேன், அவ மூடியால அளந்து ஊத்தி புரட்டாசியில இருந்து என்னைய ஏமாத்தியிருக்கா. அந்தப் புள்ளி அஞ்செல்லாம் மூடித் தண்ணி!

"சார், தெறந்துறாதீக"ங்கறா அவ. "ஆவரேந்தல்ல எங்க அண்ணன் பயிரு நிக்குது. எங்களுக்கு மழை வாரப்ப வரட்டும், அவுக தண்ணி வேணாம்." கேட்டீகளா? அண்ணன் பயிரு. மதினி பயிருன்னு சொன்னாளா பாருங்க. அதையும் நான் கவனிச்சேன்.

மொதல்ல சிரிச்சது எங்க வீட்டுக்காரரு. அந்த மனுசன் சிரிச்சு நான் பாத்ததே நாலஞ்சு தடவைதான். வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கரையிலயே உக்காந்துட்டாரு. அப்பறம் காந்திமதி. அப்பறம் ஷட்டரைத் திருகுன ஆளுக. கடைசியில இஞ்சினியரும் உக்காந்துட்டாரு. "ரெண்டு பேரும் சேந்து என் வேலைக்கு உலை வச்சிருப்பீங்களேம்மா"ன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. ஷட்டரை எறக்கியாச்சு. போன தண்ணி நாலு விரக்கடை கூட இருக்காது. ஆனா ஊர்ல என்னைய யாரும் தூக்கிக்கிட்டுப் போகல. காந்திமதி மட்டும், "ஏக்கா, கொதிக்க வச்ச தண்ணியை என்ன செய்ய?"ன்னா. "குளிடி"ன்னேன்.

மறுநா யாழினி வந்துச்சு. அது சிரிக்கல. கொல்லையில டப்பா பக்கத்துல குத்துக்கால் வச்சு உக்காந்துக்கிட்டு, "அக்கா, நான் வாசிக்கிற எண்ணைக் கேட்டுட்டு ஒருத்தர் உரம் போடாம நிறுத்துறாரு, ஒருத்தர் மொளகாயை அள்ளி வீட்டுக்குள்ள வைக்கிறாரு. என் கொரலை நம்பி இல்லக்கா, உங்க ஜாடியை நம்பி"ன்னுச்சு. அது திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. வேற வீட்டுக்கு டப்பாவை மாத்தலாம்னு பாத்துச்சு, எல்லா வீட்டுலயும் மரம். மரத்தை வெட்டவா முடியும்? எங்கிட்டயே விட்டுட்டுப் போயிருச்சு. அதுக்கப்பறம் நான் ஒரு சொட்டு கூட்டல, ஒரு சொட்டு கொறைக்கல. மூணு நாளு சைபர், நாலாம் நாளு ரெண்டு புள்ளி ஒண்ணு. ரெண்டு புள்ளி ஒண்ணுன்னே சொன்னேன். அரியமுத்து சிலேட்டைக் கழட்டிட்டான். பூமயிலும் போன் பண்ணல. பண்ணாட்டி என்ன, எனக்கென்ன கொறைச்சல்? சும்மா அப்பப்ப போன்ல சார்ஜு இருக்கான்னு பாத்துக்குவேன், அம்புட்டுத்தான்.

கார்த்திகை பொறந்து பத்தாம் நாளு. முந்தின நாளு பொழுது சாய ஆரம்பிச்ச மழை, விடிய விடிய ஊத்துது. காலையில பத்துப் பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். குடையைப் புடிச்சுக்கிட்டு நின்னாக, யாரும் "ஏறு"ன்னு கத்தல. பயமாத்தான் இருந்துச்சு. பத்து ஜாடி போச்சு, பதினொண்ணு போச்சு. நூத்திப் பன்னெண்டு புள்ளி ஆறு. இதை யாரு நம்புவா? யாழினிக்குச் சொல்லிட்டு இஞ்சினியருக்குப் போட்டேன்.

"சார், ஆவரேந்தல் பஞ்சவர்ணம்."

"சொல்லுங்கம்மா."

"நூத்திப் பன்னெண்டு புள்ளி ஆறு சார்."

அவரு ஒரு கேள்வி கேக்கல தங்கச்சி. மழையான்னு கேக்கல, நல்லாப் பாத்தீகளான்னு கேக்கல. "கெளம்பிட்டேம்மா"ன்னாரு. எனக்கு மாவட்டத்துலயே அதிகபட்சம்னு கேட்டப்பக் கூட அம்புட்டுச் சந்தோசம் இல்ல.

வந்தாரு, ஷட்டரைத் தெறந்தாக. பத்து மணிக்கெல்லாம் காட்டுத் தண்ணி செம்மண்ணுக் கலர்ல வந்து மோதுது. மேற்குக் கரையில மணல் மூட்டை அடுக்கினோம், ஆம்பளை பொம்பளை அம்புட்டுப் பேரும். ரெண்டு எடத்துல கசிஞ்சுச்சு, மிதிச்சு மிதிச்சு அடைச்சோம். கரை நின்னுச்சு. கண்மாய் நெறைஞ்சு மிச்சம் எல்லாம் மருதவயலுக்குப் போச்சு. போகட்டும்னு நெனச்சேன், நெசமாத்தான். அன்னைக்குப் போன்ல 'தெறந்துறாதீக'ன்னு சொன்னவ நெனப்புத்தான் வந்துச்சு.

சேறும் சகதியுமா வீட்டுக்கு வாரேன், வாசல்ல டிராக்டரு நிக்குது. அதுல இருந்து பூமயில் எறங்குறா! தலையில சாக்கு, இடுப்புல ஒரு அலுமினிய அன்னக்கூடை. அதுக்குள்ள கெண்டை, கெளுத்தி, வெரால் எல்லாம் துள்ளுது.

"மதினி, உங்க கண்மாய் மீனு எங்க ஓடைக்கு வந்துருச்சு. புடிச்சுத் திருப்பிக் கொண்டாந்தேன்"ங்கறா.

நான், "எத்தனை?"ன்னேன்.

"எண்ணல மதினி"ன்னா.

அவளா எண்ணாதவ! அப்படியே சிரிப்பு வந்துருச்சு. அவளுக்கும் வந்துருச்சு. ரெண்டு பேரும் நடு வாசல்ல மழையில நின்னுக்கிட்டுச் சிரிக்கிறோம், மீனு ஒண்ணு தவ்விச் சேத்துக்குள்ள ஓடுது, அதை வெரட்டிக்கிட்டு அவ விழுந்தா, அவளைத் தூக்கப்போயி நான் விழுந்தேன். வீட்டுக்காரரு கதவுல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்பறம் அவரே போயி அம்மியைக் கழுவி வச்சாரு. இருபத்தாறு வருசத்துல மொத தடவை.

நான் மசாலா அரைச்சேன், அவ மீனு ஆஞ்சா. புளி எம்புட்டுன்னு ஒரு சண்டை, மாங்கா போடுறதா வேண்டாமான்னு ஒரு சண்டை. அவ மகன் வெளிநாடு போனது, அவளுக்கு வீட்டுல பேச ஆளில்லாமப் போனது, எல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தா. "சைபருக்குக் கூடப் போன் பண்ணுவேனே மதினி, அதுக்குத்தான்"னா. எதுக்குத்தான்னு எனக்கு வெளங்கல, போட்டிக்குத்தான் இருக்கும். நானும் பேசுனேன். ஆறு வருசத்து மிச்சம் இருந்துச்சுல்ல. கொழம்பு கொதிக்குது, மழை ஓட்டு மேல அடிக்குது, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறோம்.

அந்தச் சத்தத்துல பாருங்க தங்கச்சி, பன்னெண்டரை போனதே தெரியல. ரேடியோ பக்கத்துலதான் இருந்துச்சு, ஓடிக்கிட்டும் இருந்துச்சு. ஆவரேந்தல்னு சொன்னாகளா, நூத்திப் பன்னெண்டு புள்ளி ஆறுன்னு சொன்னாகளா, யாரு ஊரு மொதல்ல வந்துச்சு, எதுவுமே நான் கேக்கல.

கார்த்திகை பத்து. நீங்க அன்னைக்கு ரேடியோ கேட்டீகளா?